முறம், பழைய புடவை, குருத்தோலை: குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்தத் தொடங்குவோருக்கு

மூங்கில் முறத்தின் இடுக்குகளில் மாவும் நொய்யும் சிந்தாமல் இருக்க, ஊறிய காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்து மெழுகும் வழக்கம் தமிழகத்து வீடுகளில் நெடுநாள் இருந்தது. கோடை வந்தால் முற்றத்திலும் மொட்டை மாடியிலும் முறங்களும் கூடைகளும் சாம்பல் நிறத்தில் வரிசையாகக் காயும். பிளாஸ்டிக் முறமும் பாக்கெட் மாவும் வந்த பிறகு அந்த வேலை அநேகமாக நின்றுவிட்டது. ஆனால் குறைந்த செலவில் வீட்டை அழகாக்க நினைக்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பொருள் வீட்டிலேயே கிடக்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் போடுகிற கை போதும்.

இந்தக் கட்டுரையில் அந்த முறத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். அதன் பிறகு பழைய புடவையில் திண்டு உறை, குருத்தோலைத் தோரணம், இன்னும் ஓரிரு சிறு வேலைகள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். ஒன்றை எடுத்து முடித்து, மாட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டுக்குள் ஒரு சுற்று வாருங்கள். வாசற்கதவைத் திறந்ததும் கண் முதலில் எங்கே போகிறது? பெரும்பாலான வீடுகளில் அது கூடத்தின் எதிர்ச் சுவர், அல்லது செருப்பு அலமாரிக்கு மேலே உள்ள வெற்றிடம். அந்த ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே மூன்று காலண்டர்கள், மங்கிப்போன பிளாஸ்டிக் பூங்கொத்து, எப்போதோ யாரோ பரிசளித்த கடிகாரம் எல்லாம் இருந்தால், அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் வெறும் சுவரைப் பாருங்கள். அந்த வேலைக்குச் செலவே இல்லை. வீடு பாதி மாறியது போலத் தோன்றும். கூட்டத்துக்கு நடுவே புதிதாக எதை மாட்டினாலும் அது இன்னொரு சாமானாகத்தான் தெரியும். விலகி நிற்கிற இடம் கிடைத்தால் ஒரு சின்ன முறம்கூடக் கம்பீரமாக நிற்கும்.

இடத்தை முடிவு செய்யும்போது ஈரத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறுகிற சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், அடுப்புக்கு நேர் மேலே எண்ணெய்ப் புகை படிகிற இடம் ஆகியவை காகிதக் கூழ் வேலைக்கு உதவாது. மேற்கு வெயில் நேராக விழும் சுவரில் துணியும் வண்ணமும் சீக்கிரம் வெளுத்துவிடும்.

வாங்க வேண்டியவை

பட்டியல் சிறியது. ஒரு பாட்டில் ஃபெவிகால், வெள்ளை அக்ரிலிக் வண்ணம், ஒரு பாக்கெட் காவிப் பொடி, உப்புத்தாள் (100ஆம் எண்ணில் ஒன்று, 220ஆம் எண்ணில் ஒன்று), அரை அங்குலப் பட்டைத் தூரிகை ஒன்று, மெல்லிய உருண்டைத் தூரிகை ஒன்று, ஓர் உருண்டை சணல் கயிறு. காவிப் பொடி கோலமாவு விற்கிற இடத்திலேயே கிடைக்கும். மற்றவை பள்ளிக்கூடப் பொருள்கள் விற்கும் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் இருக்கும். பன்னிரண்டு வண்ணப் பெட்டி, மினுமினுப்புத் தூள், தங்க நிற ஸ்பிரே என்று கடைக்காரர் எடுத்து வைப்பார்; தொடக்கத்தில் எதுவும் தேவையில்லை. காவியும் வெள்ளையும் சேர்ந்தால் கிடைக்கிற அழகு எந்தத் தமிழ் வீட்டுச் சுவருக்கும் பொருந்தும். கோயில் மதிலிலும் அந்தக் காலத்துத் திண்ணையிலும் பார்த்துப் பழகிய நிறங்கள் அவை.

சின்ன மூங்கில் முறம் அல்லது தட்டு, சந்தையிலும் கோயில் தெருக்களிலும் கிடைக்கும். பத்து முதல் பன்னிரண்டு அங்குல அகலம் போதும். விளிம்பில் கட்டு நன்றாக இறுகியிருக்கிறதா, மூங்கில் பட்டை எங்காவது சிம்பு எழும்பி நிற்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள். பரணில் பழைய முறம் கிடந்தால் அதுவே மேல். பூச்சி அரித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

காகிதக் கூழும் வெந்தயமும்

முதல் நாள் மாலை பழைய நாளிதழை எடுத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான விளம்பரத் தாள்களையும் வார இதழ் அட்டைகளையும் நீக்கிவிடுங்கள். அவற்றின் மேல் பூச்சு தண்ணீரை உள்ளே விடாது. கூழில் துண்டு துண்டாக நிற்கும். சாதாரண நாளிதழ்த் தாள் பத்து, ஒரு சின்ன முறத்துக்கும் ஒரு கிண்ணத்துக்கும் போதும். தாளைக் கையால் ஓர் அங்குலத் துண்டுகளாகக் கிழியுங்கள். கத்தரியால் வெட்டுவதைவிடக் கிழிப்பது நல்லது: கிழிந்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும், சீக்கிரம் ஊறும், பிறகு ஒன்றோடொன்று நன்றாகப் பின்னிக்கொள்ளும். ஒரு வாளியில் போட்டு, முழுவதும் மூழ்கும்படி வெந்நீர் ஊற்றி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். வேறொரு கிண்ணத்தில் ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தாராளமாகத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள்.

மறுநாள் காலை காகிதத்தை விரலால் பிசைந்து பாருங்கள். வடிவம் இல்லாமல் குழைந்தால் பதம் சரி. இல்லையென்றால் அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். அதற்குச் சமையல் பாத்திரம் வேண்டாம், பழையது ஏதாவது ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அரைப்பதற்கு அந்தக் காலத்தில் ஆட்டுரலும் உரலும் இருந்தன. இப்போது பழைய மிக்ஸி ஜார் போதும். கைப்பிடி காகிதத்துக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் என்று தாராளமாக ஊற்றி, சில நொடிகள் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். தண்ணீர் குறைந்தால் கூழ் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடேறும். அந்த ஜாரை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம். அச்சு மை உணவில் கலக்கக் கூடாது என்பதால்தான், உணவை நாளிதழில் பொதிந்து தர வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அறிவுறுத்தியது. இதே காரணத்தால், நாம் செய்கிற முறத்திலும் கிண்ணத்திலும் சாப்பிடும் பொருள் எதையும் வைக்க வேண்டாம். அவை சுவருக்கும் அலமாரிக்கும் மட்டுமே.

அரைத்ததை ஒரு பழைய காடாத் துணியில் ஊற்றி வடித்துப் பிழியுங்கள். வடிகிற தண்ணீரைத் தொட்டியில் கொட்டினால் நார் குழாயை அடைத்துக்கொள்ளும். வெளியே ஒரு வாளியில் பிடித்து, தெளிந்த நீரை மட்டும் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய கூழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப இறுகப் பிழிய வேண்டாம். கையில் எடுத்தால் உருண்டையாக நிற்க வேண்டும், அழுத்தினால் இரண்டு சொட்டு நீர் வர வேண்டும்.

ஊறிய வெந்தயத்தை நுரைக்க நுரைக்க மைய அரைத்து, நான்கு பங்கு கூழுக்கு ஒரு பங்கு வெந்தய விழுது என்ற கணக்கில் சேர்த்துப் பிசையுங்கள். வெந்தயத்தில் கேலக்டோமன்னன் என்ற பசைப்பொருள் நிறைய இருக்கிறது. அது தண்ணீரை இழுத்து வழவழப்பாகிக் காகித நார்களைப் பிணைக்கும். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு தேக்கரண்டி ஃபெவிகாலும் விட்டால் காய்ந்த பிறகு ஓரம் உதிராது. எல்லாம் சேர்ந்து சப்பாத்தி மாவைப் போல ஒட்டாமல் திரண்டுவர வேண்டும். பிசைந்த கூழை அன்றே பயன்படுத்துங்கள். நம் ஊர் வெப்பத்தில் இரண்டாம் நாளே புளித்து வாடை வந்துவிடும்.

இனி மெழுகுவது. முறத்தை ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மூங்கில் கூழின் நீரை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு வராது. நடுவில் ஓர் உருண்டை கூழை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, விளிம்பை நோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். மூங்கில் இடுக்குகளுக்குள் கூழ் இறங்க வேண்டும். அதற்குக் கட்டைவிரலால் அழுத்தம் கொடுங்கள். கனம் கால் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். கனம் கூடினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று விரிசல் விழும். உள்பக்கம் முழுவதும் நிரம்பியதும் கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு மேற்பரப்பை வழித்து விடுங்கள். இந்தக் கடைசி வழிப்புக்குக் கால் மணி நேரம் செலவழித்தால், பிறகு உப்புத்தாளோடு போராடுகிற நேரம் மிச்சமாகும்.

காயவைப்பதில் பொறுமை தேவை. முதல் நாள் நிழலில், காற்றோட்டமான இடத்தில். நேராக உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகி முறம் வளைந்துவிடும். இரண்டாம் நாள் முதல் இளவெயிலில் வைக்கலாம். மாசி முதல் ஆனி வரை மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும்; அந்தப் பருவத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. காய்ந்ததா என்று அறிய முறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. விரலால் தட்டினால் கணீரென்று அட்டைப் பெட்டியின் ஓசை வர வேண்டும்.

இந்தக் கூழ்க் கலைக்கு நம் பக்கத்தில் பெருமை உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளைக் காகிதக் கூழிலும் செய்கிறார்கள். புதுச்சேரிப் பகுதியின் திருக்கனூர்க் காகிதக் கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த ஊர்க் கைவினைஞர்களின் பொம்மைகளை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். வண்ணத்துக்கு அடியில் எவ்வளவு வழவழப்பான தளம் இருக்கிறது என்பது தெரியும். அடுத்து நாம் செய்யப் போவது அந்தத் தளத்தைத்தான்.

தளம், பிறகு கோலம்

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் அவசரப்படுகிற இடம் இது. கூழ் காய்ந்ததும் வண்ணத்தை எடுத்துவிடுகிறார்கள். சொரசொரப்பான காகிதம் வண்ணத்தைக் குடித்துவிடும், கோடு பிசிறடிக்கும், பார்ப்பதற்குப் பள்ளிக்கூடச் செய்முறைப் பாடம் போல ஆகிவிடும். அடித்தளம் சரியாக அமைந்தால் ஒரு வெள்ளைக் கோடுகூட அழகாக இருக்கும்.

100ஆம் எண் உப்புத்தாளால் மேடுகளைத் தேய்த்து எடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்யுங்கள். பறக்கிற தூசு நுண்ணியது. பள்ளங்கள் தெரிந்தால், சாக்பீஸ் தூளோடு ஃபெவிகாலையும் சிறிது தண்ணீரையும் குழைத்து, பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றால் வழித்து அடையுங்கள். அதே கலவையை இன்னும் நீர்க்கக் கரைத்துப் பட்டைத் தூரிகையால் முழுவதும் ஒரு கை பூசுங்கள். காய்ந்ததும் 220ஆம் எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, மறுபடி ஒரு கை. இரண்டாவது பூச்சுக்குப் பிறகு விரலால் தடவினால் வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

காவிப் பொடியை ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவில் கலந்த நீரில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரண்டு கை பூசினால் செம்மண் நிறம் சீராக வரும். இரண்டு பூச்சுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். கையில் காவி ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் கோலம்.

நேர்ப்புள்ளி ஐந்து, ஒன்று வரை: தொடங்குபவருக்கு இதைவிட நல்ல கோலம் இல்லை. நடு வரிசையில் ஐந்து புள்ளி, மேலும் கீழும் மூன்று, பிறகு ஒன்று, மொத்தம் பதின்மூன்று. பத்து அங்குல முறத்துக்குப் புள்ளிகளுக்கிடையே ஒன்றரை அங்குலம் விட்டால் கோலம் ஆறு அங்குல அகலத்தில் நடுவே அமையும், சுற்றிலும் காவி தெரியும். முதலில் நடுப்புள்ளியைச் சாக்பீஸால் வைத்து, அளவுகோல் கொண்டு மற்றவற்றைக் குறியுங்கள். வாசலில் கண்ணளவு போதும்; சுவரில் தினமும் பார்க்கப் போகிற கோலத்தில் ஒரு புள்ளி விலகினாலும் உறுத்திக்கொண்டே இருக்கும். புள்ளிகளை இணைத்துப் பூ வரையலாம், அல்லது புள்ளிகளைச் சுற்றிச் சிக்குக் கோலம் போடலாம். எதுவாக இருந்தாலும் முதலில் தாளில் நாலைந்து முறை போட்டுப் பார்த்துக் கை பழகியதும் சாக்பீஸால் முறத்தில் வரையுங்கள். பிடிக்கவில்லையென்றால் ஈரத் துணியால் மெல்ல ஒற்றித் துடைத்துவிடலாம்.

வெள்ளைக் கோட்டுக்குத் தூரிகையைவிட மருதாணிக் கூம்பு எளிது. தடித்த பிளாஸ்டிக் தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, வெள்ளை அக்ரிலிக்கில் சிறிது சாக்பீஸ் தூளைக் கலந்து கெட்டியாக்கி உள்ளே அடைத்து, முனையை ஊசியளவு வெட்டிக்கொள்ளுங்கள். மருதாணி இட்டுப் பழகிய கை தயங்காமல் ஓடும். கோடு சற்றுப் புடைத்து நிற்பதால், மாலை விளக்கு பக்கவாட்டில் விழும்போது மாக்கோலம் காய்ந்து எழும்பியது போலவே தெரியும். ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, தண்ணீரில் கரையும் வார்னிஷை இரண்டு கை மெல்லியதாகப் பூசினால் தூசு படிந்தாலும் துடைக்கலாம். வார்னிஷ் வேண்டாமென்று விட்டாலும் தவறில்லை. பளபளப்பு இல்லாத காவியின் அமைதி எனக்கு அதிகம் பிடிக்கும்.

மீந்த கூழில் கிண்ணம் செய்யலாம். ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, வெளிப்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி, மேலே கூழை அதே கால் அங்குலக் கனத்தில் அப்புங்கள். ஒரு நாள் கழித்து அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது திருகி எடுத்து, உள்பக்கமும் காற்றுப்படும்படி வையுங்கள். முழுவதும் காயும்வரை விட்டால் கூழ் சுருங்கிக் கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். சாவி, ஊக்கு, பொட்டு அட்டை போட்டுவைக்க நல்ல பொருள்.

பழைய புடவையில் திண்டு உறை

பருத்திப் புடவை துவைக்கத் துவைக்க மென்மையாகும். உடுத்த முடியாத அளவு நைந்த பிறகும் அதில் பாதியாவது நல்ல துணியாக இருக்கும். புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழை விலகிய இடங்கள் தெரியும். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். கிழிந்தால் அந்தப் பகுதி திண்டுக்கு ஆகாது. கொசுவம் வருகிற இடமும் கீழ்க்கரையும் அதிகம் தேய்ந்திருக்கும். முந்தானைக்கு முந்தைய பகுதி பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

பட்டுப் புடவையை வெட்டும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அசல் வெள்ளி ஜரிகை என்றால் பழைய பட்டு வாங்குபவர்கள் நல்ல விலை தருவார்கள். அந்தப் பணத்தில் துணியே வாங்கிவிடலாம். அம்மாவின் கல்யாணப் புடவை போன்றவை வேறு கணக்கு. அவற்றில் கரையை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு வைப்பதே அவற்றுக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறேன்.

பதினாறு அங்குலச் சதுரத் திண்டுக்கான அளவு இது: 17 அங்குல அகலம், 38 அங்குல நீளம். ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம். நீளத்தைப் புடவையின் அகலவாக்கில் எடுங்கள். அப்போது ஒரு முனையில் கரை வரும். இரண்டு முனைகளையும் அரை அங்குலம் அரை அங்குலமாக இரு மடிப்பு மடித்துத் தைத்தால் நீளம் 36 அங்குலம் ஆகும். (கரை உள்ள முனையில் ஓரம் நெசவிலேயே கெட்டியாக இருப்பதால் அங்கே மடிக்காமல் விட்டு, நீளத்தில் ஓர் அங்குலம் குறைத்து 37 என்று வெட்டினால் கரை முழு அகலத்தில் தெரியும்.) துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள். முதலில் கரை முனையை உள்நோக்கி மடியுங்கள். அதன் மேல் எதிர் முனையை மடியுங்கள். இரண்டு மடிப்பு விளிம்புகளுக்கும் இடையே சரியாகப் பதினாறு அங்குலம் இருந்தால், நடுவில் இரண்டு முனைகளும் நான்கு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். மேலும் கீழும் திறந்திருக்கும் ஓரங்களை அரை அங்குலம் விட்டுத் தைத்து, உள்ளே வெளியாகத் திருப்பினால் உறை முடிந்தது. திருப்பிய பிறகு கரை வெளிப்புறமாக வந்திருக்கும். திறப்பு உள்ள அந்தப் பக்கத்தையே முன்பக்கமாக வையுங்கள். எதற்கு ஒளிக்க வேண்டும்? குறுக்கே ஓடும் கரைதான் அந்த உறைக்கு அழகு.

துணி மெல்லியதாக இருந்தால் அதே அளவில் பழைய வேட்டித் துணியை உள்ளே கொடுத்து இரண்டையும் ஒன்றாகத் தையுங்கள். தையல் இயந்திரம் இல்லாதவர்கள் இரட்டை நூல் கோத்துப் பின்தையல் போடலாம். ஓர் உறைக்கு ஒரு மாலைப் பொழுது போதும். ஐந்தரை மீட்டர் என்பது சுமார் 216 அங்குலம். நல்ல நிலையில் உள்ள புடவை என்றால் பன்னிரண்டு உறை வரை வரும். நைந்ததில் நாலைந்து தேறினாலும் கூடத்துக்குப் போதும்.

வெட்டிய மிச்சத்தை எறியாதீர்கள். இரண்டு அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, மூன்று மூன்றாகச் சடை பின்னி, நத்தை ஓடுபோல வட்டமாகச் சுற்றிக் கோணி ஊசியால் அடிப்பக்கம் தைத்துக்கொண்டே வந்தால் கால்மிதி. நீண்ட கரைத் துண்டுகள் திரைச்சீலையை இழுத்துக் கட்ட உதவும்.

குருத்தோலையும் மாவிலையும்

விழா நாளுக்கு வாசலை அலங்கரிக்க இவற்றுக்கு மாற்று இல்லை. தென்னங்குருத்தோலை இளமஞ்சளும் வெண்மையுமாக இருக்கும். காயக் காய வைக்கோல் நிறமாகும். பந்தல், தோரணம் கட்டுபவர்களிடமும் பண்டிகைக்கு முந்தின நாள் சந்தையிலும் கேட்டால் கிடைக்கும். வீட்டு மரத்துக் குருத்தை இதற்காக அடிக்கடி வெட்ட வேண்டாம், மரத்துக்குக் கேடு. வாங்கியதை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்துவிட்டால் மடிக்கும்போது ஒடியும்.

எளிய வடிவம் இது. ஓர் ஓலையை எடுத்து நடுவே உள்ள ஈர்க்கை உரித்து எடுங்கள். ஓலை இரண்டு நாடாக்களாகப் பிரியும். ஈர்க்கை எறிய வேண்டாம், அதுதான் நமக்கு ஊசி. ஓர் அடி நீள நாடாவை வளைத்து இரு முனைகளையும் சேர்த்தால் ஒரு துளி வடிவம் வரும். அதற்குள் எட்டு அங்குல நாடாவில் இன்னொரு துளி, அதற்குள் ஐந்து அங்குலத்தில் ஒன்று. மூன்றின் முனைகளையும் சேர்த்து ஈர்க்குத் துண்டால் குத்திப் பிடித்துவிடுங்கள். முனைகளைச் சணல் கயிற்றின் மேல் மடித்துக் குத்தினால் துளிகள் கீழ்நோக்கித் தொங்கும். இடையிடையே ஒரு முழு நாடாவை நெடுக்கில் நாலைந்தாகக் கிழித்துக் குஞ்சம்போல விடுங்கள். துளி, குஞ்சம், துளி என்று போனால் வாசல் அகலத்துக்கு ஒரு தோரணம். இது கைவந்த பிறகு ஓலைக் கிளி, பந்து என்று போகலாம். அவற்றை எழுத்தில் படிப்பதைவிட, தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பது எளிது.

மாவிலைக்கு இன்னும் குறைந்த வேலை. காம்பைக் கயிற்றின் மேல் மடித்து ஈர்க்கால் குத்த வேண்டும், அவ்வளவே. ஒரே அளவு இலைகளாகப் பொறுக்கி, கழுவித் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். அழுகாமல் அப்படியே காய்ந்து நிற்கும் என்பதால் அவசரமாகக் கழற்ற வேண்டியதில்லை.

கண்ணாடிப் பாட்டிலும் உருளியும்

காலியான கண்ணாடிப் பாட்டிலை வெந்நீரும் சோப்புத்தூளும் சேர்த்து ஊறவைத்தால் லேபிள் உரிந்துவரும். கழுத்திலிருந்து தொடங்கி, ஃபெவிகால் தடவிக்கொண்டே சணல் கயிற்றை இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். முழுவதும் சுற்ற வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு போதும், மீதியில் கண்ணாடி தெரியட்டும். மணி பிளான்ட் கொடி ஒன்றைத் தண்ணீரில் விட்டு ஜன்னலோரம் வைத்தால் பல மாதம் பசுமையாக இருக்கும். அந்தத் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது மாற்றிப் பாட்டிலையும் அலசுங்கள். உருளியில் பூ மிதக்கவிடுபவர்கள் தினமும் மாற்றுவது நல்லது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

காகிதமோ துணியோ உள்ள அலங்காரத்துக்குப் பக்கத்தில் விளக்கு வைப்பதாக இருந்தால் சூடேறாத எல்.இ.டி. மட்டும் வையுங்கள். அகல் விளக்குக்கு வாசலிலும் மாடத்திலும் இடம் இருக்கிறது; தோரணத்துக்கு அடியில் வேண்டாம்.

மாட்டுவது

வாடகை வீட்டில் ஆணி அடிக்க அனுமதி இருக்காது. இருபக்கமும் ஒட்டும் டேப்பை நம்பி டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டினால் சுண்ணாம்போடு உரிந்து விழும். ஏற்கெனவே இருக்கிற ஆணிகளைத் தேடுங்கள். தினசரி காலண்டர் தொங்குகிற ஆணி இல்லாத வீடு அரிது. காலண்டரைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். திரைச்சீலைக் கம்பி, ஜன்னல் கம்பி, பரணின் விளிம்பு ஆகியவற்றிலிருந்து சணல் கயிற்றில் தொங்கவிடுவதும் நன்றாக இருக்கும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் சாமி படம் மாட்டுகிற பழக்கத்தில் எல்லாவற்றையும் அண்ணாந்து பார்க்கும்படி மாட்டிவிடுகிறோம். அலங்காரப் பொருளின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடியில் இருந்தால் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக வரும். பாய் விரித்துத் தரையில் உட்காருகிற கூடம் என்றால் இன்னும் ஓரடி இறக்குங்கள். மூன்று முறங்கள் மாட்டுவதாக இருந்தால், நாளிதழில் அதே அளவு வட்டங்களை வெட்டிச் சுவரில் சிறிது பசையால் ஒட்டிப் பார்த்து, இடம் மனத்துக்குப் பிடித்த பிறகு ஆணியைத் தேடுங்கள். முறத்தின் பின்பக்கம் மேலும் கீழும் சின்ன ரப்பர் துண்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்றுப் போகும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காது.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் விடக் கூடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது முறத்தைக் கழற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிறிது கூழ் அரைத்து அடைத்து, அதன்மேல் புதிதாகக் காவி பூசி, கோலத்தையும் மாற்றிவிடலாம். உதவாது என்று தோன்றினால் போகித் தீயில் போட வேண்டாம், வண்ணமும் வார்னிஷும் எரிந்தால் நச்சுப் புகை வரும். முறத்தை உலர் குப்பையில் சேருங்கள். காய்ந்த ஓலையையும் மாவிலையையும் செடித் தொட்டிகளில் மண்ணின் மேல் நறுக்கிப் போடலாம்.